புனிதர்களுக்கு நேர்ந்துகொள்வோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாளிதழ்களின் வரி விளம்பரப் பத்தியில் அவ்வப்போது ஒரு நன்றி அறிவிப்பு வருகிறது. புனித யூதா ததேயுவுக்கோ பதுவைப் புனித அந்தோனியாருக்கோ நன்றி சொல்லும் நாலு வரி. அடியில் பெயருக்குப் பதில் இரண்டு எழுத்து. நன்றி சொல்வதில் குறை காண ஒன்றுமில்லை. அதற்கு மேலே அச்சாகும் வாசகம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது. 'இந்தச் செபத்தை நாளுக்கு ஒன்பது முறை, ஒன்பது நாள் சொல்லவும். எட்டாம் நாள் கேட்டது கிடைக்கும். கிடைத்ததும் பத்திரிகையில் வெளியிடுவதாக வாக்குக் கொடுக்க வேண்டும்' என்பது அதன் சாரம். இதே வாசகம் இப்போது வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. இத்தனை பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டில் கெடுதல் நடக்கும் என்று ஒரு மிரட்டலும் அங்கே சேர்ந்துகொண்டது.

எந்தப் புனிதரின் பெயராலும் கத்தோலிக்கத் திருச்சபை இப்படி ஒரு நிபந்தனை விதித்ததில்லை. உள்ளம் ஈடுபடாமல் வெளிச்சடங்கை மட்டும் முடித்தாலே பலன் வந்துவிடும் என்று எண்ணுவது மூடநம்பிக்கை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2111ஆம் பத்தியில் தெளிவாகச் சொல்கிறது. விளம்பரப் பிரிவில் இருப்போரிடம் ஒரு வேண்டுகோள்: நன்றி வரியை அப்படியே அச்சிடுங்கள், நிபந்தனை வரியை மட்டும் வாங்காதீர்கள். அதைப் படித்துவிட்டு, கேட்டது கிடைத்தும் விளம்பரம் கொடுக்கக் கையில் காசில்லாதவர்கள், வாக்குத் தவறியதால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று உள்ளூர நடுங்குகிறார்கள். புனிதர் பக்தி இந்த நடுக்கத்துக்காக ஏற்பட்டதில்லை.

நம் ஊர்ப்பக்கம் புனிதர் பக்தி என்றால் அதன் நடுவில் இருப்பது நேர்ச்சை. மொட்டை, காதுகுத்து, உப்பு மிளகு, மெழுகுதிரி, கும்பிடு சேவை, ஆடு கோழி, அசனம் என்னும் பொது விருந்து, சப்பரத்துக்குத் தோள் கொடுப்பது எல்லாம் நேர்ச்சையின் வடிவங்கள். இத்தனை பேர் இத்தனை காலமாகச் செய்துவரும் ஒன்றுக்குத் திருச்சபைச் சட்டத்தில் தெளிவான விதிகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1191 முதல் 1198 வரையுள்ள எட்டு விதிகளும் நேர்ச்சையைப் பற்றியவை. அவற்றைப் படித்தாலே பாதிப் பயம் போய்விடும்.

முதல் விதியின்படி, நேர்ச்சை என்பது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. அந்தோனியாரும் செபஸ்தியாரும் நமக்காகப் பரிந்து பேசுகிறவர்கள். கடன் கொடுத்துவிட்டு வாசலில் வந்து நிற்பவர்கள் இல்லை. அந்த வாக்கு யோசித்து, சுதந்திரமாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும். நேர்ந்த காரியம் செய்யக்கூடியதாகவும், செய்யாமல் இருப்பதைவிடச் செய்வது நல்லதாகவும் இருக்க வேண்டும். ஒருவர் அநியாயமாக மிரட்டியதால் பெரும் அச்சத்தில் நேர்ந்தது செல்லாது என்று அதே விதியின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. 'உன் புருஷன் பிழைக்க வேண்டுமானால் இப்போதே இந்தச் செயினைப் போடுவதாகச் சொல்' என்று யாரோ நெருக்கி வாங்கிய வாக்கு அந்தப் பெண்ணைக் கட்டாது. ஆசுபத்திரி வராந்தாவில் மனம் பதறி 'அந்தோனியாரே, பிழைக்க வை, உன் கோயிலுக்கு வருகிறேன்' என்று வாயில் வந்ததெல்லாம்கூட நேர்ச்சை ஆகிவிடாது. விருப்பம் ஒன்று, உறுதியெடுத்துக் கொடுத்த வாக்கு வேறொன்று. இதில் சந்தேகம் இருந்தால் பங்குத்தந்தையிடம் (ஊர்க் கோயில் பொறுப்புக் குருவிடம்) ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

அடிக்கடி எழும் கேள்வி பிள்ளைகள் பெயரில் நேர்ந்ததைப் பற்றியது. 'அம்மா எனக்கு மொட்டை நேர்ந்தாள், நிறைவேற்றாமலே இறந்துவிட்டாள், இப்போது எனக்கு நாற்பது வயது, நான் மொட்டை போட்டே ஆக வேண்டுமா?' 1193ஆம் விதி ஒரே வரியில் பதில் சொல்கிறது: நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். மகனை அழைத்துவர அம்மாவுக்குக் கடமை இருந்தது, மகனுக்கு இல்லை. பாட்டன் நேர்ந்த ஆடு பேரனின் தலையில் விழாது. 'குடும்பத்தில் ஒரு பழைய நேர்ச்சை பாக்கி இருக்கிறது, அதனால்தான் கல்யாணம் தட்டிப்போகிறது' என்று குறி சொல்வோர் சொல்வதற்கு இங்கே இடமே கிடையாது. தாயின் நினைவாக மகன் அன்போடு அதைச் செய்தால் அது வேறு, அழகான காரியம்.

எப்போது நேர்ச்சை தானாகத் தீர்ந்துபோகும் என்பதை 1194ஆம் விதி வரிசையாகச் சொல்கிறது. குறித்த காலம் கடந்தால் தீரும். நேர்ந்த பொருள் அடியோடு மாறினால் தீரும். எந்த நிபந்தனையின்மேல் நேர்ந்தோமோ அது நிறைவேறாவிட்டால் தீரும். எந்த நோக்கத்துக்காக நேர்ந்தோமோ அந்த நோக்கமே இல்லாமல் போனாலும் தீரும். இவை தவிர விலக்கு, மாற்று என்று இரண்டு வழிகள் உண்டு. தகுந்த காரணம் இருந்து, பிறருக்குரிய உரிமை கெடாமல் இருந்தால், பங்குத்தந்தையே தனியாள் நேர்ச்சையிலிருந்து விலக்களிக்கலாம் என்கிறது 1196. தம் பங்கு மக்களுக்கு மட்டுமின்றி அந்த நேரம் அங்கே வந்திருக்கும் வெளியூர்க்காரருக்கும் அவர் அளிக்கலாம். துபாயிலிருந்து பத்து நாள் லீவில் வருகிறவர் சொந்தப் பங்குக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை.

மாற்று இன்னும் எளிது. 1197ஆம் விதிப்படி, நேர்ந்தவர் தாமே அந்த நேர்ச்சையை அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான நன்மையாக மாற்றிக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். குறைவான ஒன்றாக மாற்றுவதானால் மட்டும் பங்குத்தந்தையைக் கேட்க வேண்டும். ஆட்டுக்கிடா நேர்ந்தவர் அதன் விலையை ஒரு மாணவியின் கல்லூரிக் கட்டணமாகக் கட்டலாம். விளம்பரம் கொடுப்பதாக வாக்களித்தவர் அந்தப் பணத்தை வின்சென்ட் தே பவுல் சபையின் கையில் கொடுத்து, மருந்து வாங்க முடியாத ஒரு வீட்டுக்குச் சேர்க்கச் சொல்லலாம். புனித யூதா ததேயு கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி நேர்ந்துகொள்கிறவர்கள் ஐந்து காரியத்தைக் கவனித்தால் பின்னால் சிக்கல் வராது. என்ன செய்வோம் என்பது திட்டமாக இருக்கட்டும். 'பெரிதாக ஏதாவது செய்கிறேன்' என்பதுதான் ஆண்டுக்கணக்கில் மனத்தை அரிக்கும். எப்போது செய்வோம் என்று ஒரு வருடத்துக்குள் முடியும்படி கெடு வையுங்கள். அடுத்தவர் பொருளையும் அடுத்தவர் உடலையும் வைத்து நேராதீர்கள்; மனைவியின் நகையைக் கணவன் நேர்வதும், வளர்ந்த மகளின் கூந்தலை அம்மா நேர்வதும் வீட்டில் சண்டையில்தான் முடியும். 'உயிருள்ளவரை செவ்வாய்தோறும் உபவாசம்' என்று நேராதீர்கள். ஐம்பது வயதில் சர்க்கரை நோய் வந்து இன்சுலின் போட ஆரம்பித்த பிறகு வெறும் வயிற்றில் இருப்பது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஏற்கெனவே அப்படி நேர்ந்தவர்கள் இன்றே விலக்குக் கேட்கலாம். கடைசியாக, நேர்ந்ததை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள், அல்லது செபப் புத்தகத்தின் பின்னட்டையில் தேதியோடு எழுதி வையுங்கள். எதை நேர்ந்தோம் என்றே மறந்துபோய்த் தவிக்கிறவர்கள் உண்டு.

நவநாள் என்னும் ஒன்பது நாள் செபத்தின் கணக்கிலும் குழப்பம் இருக்கிறது. ஒன்பது நாளும் விழாவுக்கு முன்னால் முடிய வேண்டும்; விழா நாள் பத்தாவது. அந்தோனியாருக்கு ஜூன் 13 விழா என்றால் நவநாள் ஜூன் 4 முதல் 12 வரை. சூசையப்பருக்கு மார்ச் 10 முதல் 18, யூதா ததேயுவுக்கு அக்டோபர் 19 முதல் 27. கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் நவம்பர் 24 கொடியேறி டிசம்பர் 3 விழா முடிவதில் இந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றத்தைத் தனியாக வைத்து, 30 முதல் செப்டம்பர் 7 வரை ஒன்பது நாள், 8 விழா. தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு ஜூலை 26 கொடி, ஆகஸ்ட் 5 விழா. நடுவில் இருப்பது அதே ஒன்பது. உங்கள் செய்தியாளர்கள் 'பத்து நாள் விழா', 'பதினோரு நாள் விழா' என்று எழுதும் வேறுபாடு கொடி நாளை ஒன்பதில் சேர்ப்பதா விடுவதா என்பதில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. விட்ட நாளின் செபத்தை மறுநாள் சேர்த்துச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிட்டு மேலே போங்கள்.

அந்தோனியாருக்குச் செவ்வாய் வந்தது எப்படி என்றால், அவர் இறந்தது 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. அடக்கம் செய்தது அடுத்த செவ்வாய். பதின்மூன்று செவ்வாய் பக்தி செய்ய விரும்புவோர் ஜூன் 13க்கு முந்தைய செவ்வாயைப் பதின்மூன்றாவதாக வைத்துப் பன்னிரண்டு வாரம் பின்னோக்கி எண்ண வேண்டும். எந்த வருடமானாலும் முதல் செவ்வாய் மார்ச் 14க்கும் 20க்கும் இடையில் விழும். உவரி, புளியம்பட்டி அந்தோனியார் கோயில்களில் பதின்மூன்று நாள் விழா எடுப்பது இதே எண்ணை ஒட்டியது. ஆனால் அங்கே ஊர்த் திருவிழா ஜூனில் வராது, தை மாசியில் வரும். ஊர்த் திருவிழாத் தேதியைத் திருச்சபை நாட்காட்டித் தேதியோடு ஒன்றாக்கிச் செய்தி போட்டால் வெளியூர்ப் பக்தர் பஸ் ஏறி வந்து ஏமாந்து நிற்பார்.

இன்னொன்று, அந்தோனியார் இருவர். பதுவை அந்தோனியார் கையில் குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருக்கும். வனத்து அந்தோனியார் தாடி வைத்த முதியவர், காலடியில் பன்றி, கையில் மணி கட்டிய கோல். இவர் விழா ஜனவரி 17; ஆடுமாடுகளுக்குப் பாதுகாவலர். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஜனவரி 15இல் வருகிறவர் வனத்துச் சின்னப்பர், காகம் அப்பம் கொண்டுவந்து கொடுத்த தவசி. அப்போஸ்தலர் சின்னப்பர் வேறு, இவர் வேறு. பொங்கலை ஒட்டி வருவதால் சில ஊர்களில் இவர் கோயில் முன்னால் பொங்கல் வைத்து மாடுகளை மந்திரித்து ஓட்டிப்போகிறார்கள். அறுவடையும் மாடும் தவசியும் ஒரே வாரத்தில் கூடிவருவது நம் மண்ணுக்கு எவ்வளவு இயல்பாகப் பொருந்திவிட்டது! சுவரொட்டியில் மட்டும் மூவர் படமும் இடம் மாறி விடுகிறது. அச்சகத்துக்குப் படம் கொடுக்கும்போது விழாக் குழுவினர் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். தொடையில் புண்ணும் பக்கத்தில் நாயும் இருந்தால் ஆரோக்கியநாதர். உடம்பெல்லாம் அம்பு இருந்தால் செபஸ்தியார். வெள்ளைக் குதிரையில் வாளோடு வருகிறவர் சந்தியாகப்பர்.

தென்மாவட்டங்களில் கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் போடுவது பழைய வழக்கம். உப்பு கரைவதுபோல் நோய் கரைய வேண்டும், மரு உதிர வேண்டும் என்பது வேண்டுதல். இதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் உப்பை மரத்தின் அடியிலேயே கொட்டுவதால் வரும் கேட்டைப் பலரும் கவனிப்பதில்லை. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். கடற்கரையில் கேட்கவே வேண்டாம். அந்த உப்பு நீர் பீடத்துக்குள் இறங்கி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி ஊதிப் பருத்துச் சிமெண்டைப் பிளக்கும். மேலே பித்தளைத் தகடு பளபளவென்று இருக்க, அடியில் இரும்புக் குழாய் அரித்துப்போயிருக்கும். பத்து இருபது இளைஞர்கள் கயிறு பிடித்துக் கொடியேற்றும் நாளில் அது சாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொடிமரத்திலிருந்து ஆறடி தள்ளி ஒரு மரப்பெட்டியோ மண்தொட்டியோ வைத்து அதில் போடச் சொல்லுங்கள். விழா நாட்களில் தினமும் இரவு காலி செய்யுங்கள். ஏற்கெனவே உப்பு ஏறிய பீடத்தைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் பல தடவை கழுவிக் காயவிட்டு, அதன் பிறகே பூச வேண்டும். அப்படியே சுண்ணாம்போ பெயிண்டோ அடித்தால் ஒரே மழையில் பொரிந்து உதிரும். கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு வெல்டரை அழைத்து அடிப்பகுதியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்வது கட்டாயம். கணீரென்று கேட்காமல் பொத்தென்று கேட்கும் இடம் அரித்த இடம்.

மெழுகுதிரியில் நடக்கும் தவறு வேறு. திரிகளை நெருக்கி நெருக்கிக் குத்தினால் ஒன்றின் சூட்டில் மற்றது உருகி, தட்டில் மெழுகு குட்டையாகத் தேங்கி, கடைசியில் அந்தக் குட்டையே பற்றிக்கொள்ளும். அப்போது யாராவது பதற்றத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். தீ அணையாது, ஆளுயரத்துக்குச் சீறி முகத்தைச் சுடும். மணலை அள்ளிப் போட வேண்டும், அல்லது தகட்டால் மூட வேண்டும். தட்டில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, திரிக்குத் திரி நாலு விரல் இடைவெளி விட்டு, பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி மணல் வைத்தால் இந்தப் பேச்சே இல்லை. சுரூபத்தின் (புனிதர் சிலையின்) காலடியில் திரி கொளுத்தவே விடக் கூடாது. கரிப்புகை முகத்தில் படியும், அதைத் துடைக்கப்போய் வண்ணம் போகும்.

சுரூபங்களைப் பற்றி மனம் நொந்து எழுத வேண்டியிருக்கிறது. பழைய மரச் சுரூபங்கள் பல கோயில்களில் திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பெயிண்ட் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பூச்சிலும் விரல் தடித்து, கண்ணிமை மறைந்து, செதுக்கியவன் கொடுத்த முகம் காணாமல் போகிறது. எனாமல் மரத்தை மூச்சுவிடாமல் மூடுவதால் உள்ளே போன ஈரம் வெளியேறாது, பூச்சு பொரிந்து செதிளாக எழும்பும். உடனே அதைச் சுரண்டி இன்னொரு பூச்சு. 1189ஆம் விதி இதைத் தடுக்கிறது. பழமையாலோ கலையாலோ மக்கள் வணக்கத்தாலோ சிறப்புப் பெற்ற சுரூபத்தைப் பழுது பார்க்க ஆயரின் எழுத்து அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கும் முன் அவர் வல்லுநரைக் கலந்தாக வேண்டும். 'நேர்ச்சையாக நானே பெயிண்ட் அடித்துத் தருகிறேன்' என்று வருகிறவரிடம் பங்குப்பேரவை இந்த விதியைக் காட்டலாம். கரையானுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். அது பழைய வண்ணத்தைக் கரைத்துக்கொண்டு போகும். சுண்ணச் சாந்துச் சுரூபத்தை ஈரத்துணியால் துடைத்தாலே மாவாகும். செய்யக்கூடியது ஒன்றுதான்: உலர்ந்த மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசு தட்டுவது. ஈரமான பூமாலையை நேராகச் சுரூபத்தின் கழுத்தில் போடாமல் பீடத்தில் தொங்கவிட்டால் பாதிக் கேடு நின்றுவிடும்.

நேர்ச்சைப் பொருட்களுக்கும் சட்டம் உண்டு. வெள்ளித் தகட்டில் கண், கால், தொட்டில், வீடு என்று செய்து போடுகிறார்களே, திருத்தலங்களில் அவற்றைக் காட்சிக்கு வைத்துப் பத்திரமாகக் காக்க வேண்டும் என்கிறது 1234ஆம் விதி. வேளாங்கண்ணியில் இதற்கென்றே காட்சிக்கூடம் இருக்கிறது. ஒரு நோக்கத்துக்கென்று கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது 1267. அசனத்துக்குக் கொடுத்த பணத்தில் ஒலிபெருக்கி வாங்கக் கூடாது. கொடுப்பவர்கள் கையோடு ரசீதில் 'இன்ன காரியத்துக்கு' என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நகை என்றால் எடையும் சேர்த்து.

வேளாங்கண்ணிக்கு முழந்தாளில் போகிறவர்கள், மாதா குளம் வரையுள்ள மணலில் உச்சி வெயிலில் போக வேண்டாம். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கும், சுட்டது தெரியாது, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். விடியும் முன்போ பொழுது சாய்ந்தோ போகலாம். நடைப்பயணக் குழுக்கள் சாலையின் வலப்புறம், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடக்க வேண்டும். காவி உடை இரவில் தெரியாது. முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள்.

சப்பரம். 2025 மார்ச்சில் குமரி மாவட்டக் கடற்கரை ஊரொன்றில் அந்தோனியார் திருவிழா வேலையின்போது, நகர்த்திய இரும்பு ஏணி உயரழுத்தக் கம்பியில் பட்டு நால்வர் இறந்தார்கள். புனிதரின் வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். சப்பரத்தின் உயரத்தைத் தரையில் வைத்து அளந்தால் போதாது. ஆட்கள் தோளில் ஏற்றிய பிறகு, உச்சிக் குடையும் விளக்கும் சேர்த்து அளக்க வேண்டும். கம்பியின் உயரத்தைக் கம்பத்தருகே பார்க்காமல் இரண்டு கம்பத்துக்கு நடுவில் பார்க்க வேண்டும், அங்கேதான் அது தொய்ந்து தாழ்வாக இருக்கும். கம்பியைத் தூக்கிப் பிடிக்க மூங்கில் கழியோடு ஒருவர் முன்னால் போவது பல ஊர்களில் வழக்கம். ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும். மின்வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, பவனி போகும் தெருக்களில் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி, அவர்கள் ஆள் வந்து 'நிறுத்தியாகிவிட்டது' என்று சொன்ன பிறகுதான் சப்பரம் கிளம்ப வேண்டும். நேரமாகிறது என்று அவசரப்படுத்துகிறவர்கள் சொல்வதைக் கேட்கக் கூடாது.

அசனத்துக்கு வருவோம். பதுவையில் நீரில் மூழ்கிய குழந்தையின் தாய், பிள்ளை பிழைத்தால் அதன் எடைக்கு எடை தானியம் ஏழைகளுக்குத் தருவதாக அந்தோனியாரிடம் வேண்டிக்கொண்டாள் என்பது பழைய மரபு. அந்தோனியார் அப்பம் என்று செவ்வாய்தோறும் கொடுப்பதற்கு இதுதான் வேர். பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பத்துக் கிலோ அரிசி; அது அன்றைக்கே ஏழை வீட்டுக்குப் போக வேண்டும். கோயில் கிடங்கில் வண்டு பிடிக்கும்வரை கிடந்தால் நேர்ச்சையின் உயிர் போய்விடும். அசனத்தில் நூறு பேருக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ அரிசி கணக்கு. நேர்ச்சை ஆடுகள் கடைசி நேரம்வரை வந்துகொண்டே இருப்பதால் கறிக் கணக்கு தவறுகிறது. முதல் நாள் மாலை ஆறு மணிக்கு மேல் வரும் ஆடுகளை ஏலம் விட்டுப் பணத்தை அசனக் கணக்கில் சேர்த்தால் சமையல்காரருக்கு நிம்மதி. நள்ளிரவில் வடித்த சோற்றை அண்டாவில் மூடிவைத்து மறுநாள் மதியம் பரிமாறுவதுதான் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடுகிறது. அண்டாவின் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருந்து கெடும். வடித்த நாலு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்கும்படி தவணை தவணையாக உலை வையுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளியில் கறி கூடாது; ஆனால் அன்று ஊர்ப் பாதுகாவலர் விழா விழுந்தால் அந்தக் கோயிலுக்கு அது பெருவிழா, 1251ஆம் விதிப்படி அன்று கறி தடையில்லை. கொடியேற்ற வெள்ளிக்கும் நவநாள் வெள்ளிக்கும் இந்தச் சலுகை கிடையாது.

ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்குப் போகிறவர்கள், 1693 பிப்ரவரி 4 அன்று மறைசாட்சி அருளானந்தர் தலை வெட்டுண்ட இடத்தின் செம்மண்ணை எடுத்துவருகிறார்கள். குமரி மாவட்டத்துக் காற்றாடிமலைக்குப் போகிறவர்கள், 1752 ஜனவரி 14 அன்று மறைசாட்சி தேவசகாயம் சுடப்பட்ட இடத்தில் முழந்தாளிட்டு, மணியோசை எழுப்பும் பாறையைத் தட்டிவிட்டு வருகிறார்கள். 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்ட பிறகு அங்கே கூட்டம் பெருகியிருக்கிறது. நம் மண்ணில் குடும்பத்தோடு வாழ்ந்த ஒருவரைப் பாதுகாவலராகக் கொள்வது பெரும் பேறு. மண்ணை வீட்டில் மரியாதையாக வைத்துக்கொள்ளலாம், நெற்றியில் இட்டுக்கொள்ளலாம். தண்ணீரில் கரைத்துப் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் குடிக்கக் கொடுக்கக் கூடாது. மந்திரித்த எண்ணெயும் பூசிக்கொள்ளத்தான். கண்ணில் விடுவதற்கும் ஆறாத புண்ணில் ஊற்றுவதற்கும் இல்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கெபிக்கு (குகைக் கோயிலுக்கு)த் தூக்கிப்போவதற்கு முன் ஆசுபத்திரிக்குத் தூக்கிப்போங்கள், வழியிலேயே செபம் சொல்லலாம்.

நேர்ச்சையில் விலக்கோ மாற்றமோ வேண்டுவோர் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டாம், கட்டணமும் கிடையாது. திருப்பலி முடிந்ததும் சக்ரீஸ்து (குருவின் உடை மாற்றும் அறை) வாசலில் நின்று, என்ன நேர்ந்தீர்கள், ஏன் முடியவில்லை என்று இரண்டே வாக்கியத்தில் சாமியாரிடம் சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனத்திலும் (பாவ அறிக்கையிலும்) கேட்கலாம். பெயர் சொல்லக் கூச்சப்படுவோருக்கு அதுவே வசதி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உபதேசியார்,
தூத்துக்குடி மாவட்டம்